சின்ன மேசைக்கு எந்தக் கீபோர்டு? 104 விசைகளின் கதை

கேம் ஆடுவதற்கென்று கீபோர்டு தேடும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது சில பெயர்களில்தான். ஃபுல் சைஸ், டிகேஎல், 65 சதவீதம், 60 சதவீதம்... எதில் எதைக் குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்று தெரியாமல் வாங்கினால் மாதக் கடைசியில் காசும் போகும், தேவையான விசையும் போகும். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் எதை வாங்குவது என்று முடிவெடுப்பது சுலபம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாதாரண கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். 104 விசை உள்ள முழு அளவு கீபோர்டு இந்த அளவில் இருபத்திரண்டரை விசை அகலம், அதாவது சுமார் 43 செ.மீ. எண் பலகையை வெட்டினால் (இதுதான் டிகேஎல், 87 விசை) சுமார் 35 செ.மீ. அம்புக்குறி விசைகளையும் எஃப் வரிசையையும் சேர்த்து எடுத்துவிட்டால் (60 சதவீதம், 61 விசை) சுமார் 28 அரை செ.மீ. ஓரச் சட்டம் தனி. 60 செ.மீ. அகல மேசையில் முழு கீபோர்டை வைத்தால் மவுஸுக்கு மிச்சம் 17 செ.மீ. 60 சதவீதத்தை வைத்தால் 31 செ.மீ. துப்பாக்கி கேம்களில் மவுஸ் வேகத்தைக் குறைத்து வைத்து, கையை அகலமாக நகர்த்தி ஆடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லவே வேண்டாம்.

சரி, இவ்வளவு இடத்தை அடைக்கும் எண் பலகை எதற்கு வந்தது?

கணக்கப்பிள்ளையின் விசைகள்

கணினிக்கு முன்பே கூட்டல் இயந்திரங்கள் இருந்தன. பத்து விசைகளை மூன்று மூன்றாக அடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் காப்புரிமை பெற்றார். அந்த அடுக்குதான் இன்றும் நம் கீபோர்டின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது அதன் கீபோர்டில் 83 விசைகள். அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எண் பலகையின் 8, 4, 6, 2 விசைகளே அம்புக்குறிகளும்கூட. எண்ணா அம்பா என்று மாற்றத்தான் நம்லாக். பலர் இன்று ஏன் என்று தெரியாமலே வைத்திருக்கும் அந்த விசைக்கு வேலை அதுதான்.

கணக்குத் தாளில் எண்ணையும் அடித்து, கட்டத்துக்குக் கட்டம் நகரவும் வேண்டியவர்களுக்கு இது பெரிய தொல்லை. 1983இல் டெக் நிறுவனத்தின் விடி220 முனையத்தோடு வந்த கீபோர்டு, அம்புக்குறிகளைத் தலைகீழ் 'ட' போலத் தனியே பிரித்து வைத்தது. 1985இல் ஐபிஎம் கொண்டுவந்த 101 விசை கீபோர்டும் அதே வழியில் போனது. எண் பலகை போகவில்லை, அதன் மேலிருந்த அம்புக்குறிகளும் போகவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு இடம்! பிறகு விண்டோஸ் விசைகள் சேர்ந்து 104 ஆனது.

இந்த அமைப்பு முடிவானபோது பெரும்பாலான பிசி மேசைகளில் மவுஸ் இல்லை. பின்னால் மவுஸ் வந்தபோது அதற்குக் கிடைத்த இடம் எண் பலகைக்கும் அப்பால்தான். வலது கைக்காரர்கள் அன்று முதல் தோளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வெட்டிப் பார்த்தவர்கள்

எல்லோரும் பெரிதாக்கிக்கொண்டே போகவில்லை. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கீபோர்டில் 58 விசைகள்தான். அம்புக்குறிகூடக் கிடையாது. மவுஸைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிளுக்குப் பிடிவாதம். எண் பலகை வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 1986இல் மெக்கின்டாஷ் பிளஸ் வந்தபோது ஆப்பிள் இறங்கி வந்து இரண்டையும் சேர்த்துவிட்டது.

ஐபிஎம்மும் 1987இல் எண் பலகை இல்லாத 84 விசை மாடலை விற்றது. இன்றைய டிகேஎல்லுக்கு அதுவே தாத்தா.

60 சதவீதத்துக்கு முன்னோடி ஜப்பானியர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த எய்இட்டி வாடா, நிரல் எழுதுபவருக்கு எந்தெந்த விசைகள் போதும் என்று யோசித்தார். பிஎஃப்யூ நிறுவனம் அதை 1996 டிசம்பரில் 'ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு' என்று வெளியிட்டது. முதல் மாடலில் 60 விசைகள். கணினி மாறினாலும் கீபோர்டு உங்களோடு வரவேண்டும் என்பது அவருடைய கருத்து. அதற்கு அவர் சொன்ன உவமை குதிரைச் சேணம். குதிரையை விட்டுப் போகும் மேய்ப்பன் சேணத்தை விடமாட்டானாம்!

கேம் எப்படி இடது பக்கம் வந்தது

1993இல் வந்த டூம் கேமில் நடப்பதற்கு அம்புக்குறி விசைகள்தான். மவுஸால் குறிபார்க்கும் பழக்கம் குவேக் (1996) ஆட்டக்காரர்களிடம் பரவியதும் சிக்கல் வந்தது. வலது கை மவுஸில், இடது கை கீபோர்டின் வலது ஓர அம்புக்குறியில் என்றால் இரண்டு கைகளும் இடித்துக்கொள்ளும். ஆகவே இடது கையைக் கீபோர்டின் இடது பக்கத்துக்கே நகர்த்தி டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நடந்தார்கள் சிலர்.

1997இல் நடந்த குவேக் போட்டியில் 'த்ரெஷ்' என்ற டென்னிஸ் ஃபாங் வென்று, ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். இந்த விசை அமைப்பை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஆடியதைப் பார்த்து மாறியவர்கள் ஏராளம். 1998இல் ஹாஃப் லைஃப் அதையே இயல்பு அமைப்பாக வைத்தது. அன்றோடு கேம் ஆடுபவருக்குக் கீபோர்டின் வலது பாதி பெரும்பாலும் சும்மா இருக்கும் சரக்காகிவிட்டது. 2010களில் 60 சதவீதக் கீபோர்டுகள் கேம் கடைக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

பிறகு போட்டி அளவிலிருந்து வேகத்துக்குத் தாவியது. விசை எவ்வளவு அமுங்கியது என்பதைக் காந்தத்தால் அளக்கும் கீபோர்டுகள் வந்தன. எதிரெதிர்த் திசை விசைகளைக் கீபோர்டே சமாளித்துக்கொள்ளும் வசதியும் வந்தது. அதை 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் தடை செய்தது. காசு கொடுத்து வாங்கிய வசதி கேமில் செல்லாது என்றானால் யாருக்கு நஷ்டம்? யோசித்து வாங்குங்கள்.

அப்போ எதை வாங்குவது?

வரலாறு சொல்வது இதுதான்: ஒவ்வொரு விசைக் கூட்டத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் நீங்கள்தானா என்று பாருங்கள்.

வணிகவியல் படிக்கிறீர்களா? எண் பலகை உங்கள் சொத்து. டேலியில் பேமென்டுக்கு எஃப்5, சேல்ஸுக்கு எஃப்8 என்று எஃப் வரிசையும் வேண்டும். 60 சதவீதம் உங்களுக்கு வேண்டாம். டிகேஎல் வாங்கி, மேசை இடம் கொடுக்கும்போது தனி யூஎஸ்பி எண் பலகையைச் செருகிக்கொள்ளலாம். 1984இல் ஆப்பிள் விற்ற அதே ஏற்பாடு!

நிரலும் கட்டுரையும் எழுதுபவருக்கு அம்புக்குறி இல்லாமல் கஷ்டம். 65 சதவீதம் 60ஐவிட ஒரே ஒரு விசை அகலம்தான் கூடுதல், சுமார் 2 செ.மீ. அதற்குள் அம்புக்குறிகள் வந்துவிடும். சின்ன மேசைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கேம் மட்டும்தான் என்றால் 60 போதும். ஆனால் எஸ்கேப் விசையும் கன்சோல் திறக்கும் விசையும் ஒரே இடத்தில் இருக்கும். எஃப்5 அழுத்தி சேவ் செய்வதற்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்வுக்கோடு விசைகளில் இருக்கின்றன. 60 சதவீதத்தில் இவை எல்லாம் அதனதன் இடத்தில் உண்டு, பயமில்லை. அதைவிடச் சிறிய 40 சதவீதத்தில் இவற்றில் சில காணாமல் போகும். 'ஞாயிறு' என்று அடிப்பதற்கே இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிவரும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம், இருக்கிற கீபோர்டில் எந்த விசைகளைத் தொடவே இல்லை என்று கவனியுங்கள். தொடாத விசைகளுக்கு மேசையில் இடம் கொடுக்க வேண்டாம்.