முதியோர் இல்லங்களில் கிரமமான தொற்றுநோய்ப் பரிசோதனை: இங்கிலாந்து கற்ற பாடம்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள பராமரிப்பு இல்லமொன்றில் 76 இல்லவாசிகளிடம் சளி மாதிரிகள் பெறப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டன. அவர்களில் 48 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. இந்த 48 பேரில் 27 பேரிடம் அவ்வேளையில் எந்தவித அறிகுறியும் காணப்படவில்லை. சில நாட்களின் பின்னரே அந்த 27 பேரில் 24 பேருக்கு நோய் வெளிப்பட்டது. காய்ச்சலும் இருமலும் தோன்றட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்த இல்லங்களில் மரணங்கள் ஏன் அடுக்கடுக்காக நிகழ்ந்தன என்பதை இந்த எண்களே விளக்குகின்றன.

முதியவர்களின் உடல் நோயை வழமையான முறையில் அறிவிப்பதில்லை. காய்ச்சல் ஏறாமலே திடீர் மனக்குழப்பம், உணவில் வெறுப்பு, கால் தடுமாறி விழுதல் என்றவாறு தொற்று வெளிப்படலாம். ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லில் இவையெல்லாம் மறைந்துவிடுகின்றன. ஒரே உணவு மண்டபம், ஒரே குளியலறை, ஒருவரைக் கழுவித் துடைத்த கைகளே அடுத்தவருக்கும் உணவூட்டும் நிலை. இத்தகைய இடத்தில் அறிகுறி இல்லாதோரையும் குறித்த கால இடைவெளியில் பரிசோதிப்பதே கிரமமான பரிசோதனை எனப்படுகிறது.

இங்கிலாந்து இதனை மிகுந்த விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் வைத்தியசாலைகளில் இடம் ஒதுக்குவதற்காக, 2020 மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரையான காலத்தில் ஏறத்தாழ 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். இல்லத்திற்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற விதி அப்போது இருக்கவில்லை. ஏப்ரல் 15 இல் தான் அது அறிவிக்கப்பட்டது. அறிகுறி இல்லாத இல்லவாசிகளுக்கும் ஊழியர்களுக்கும் பரிசோதனை செய்யப்படும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 28 இல் வெளியாயிற்று. தந்தையரை இழந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், அறிகுறியற்ற தொற்றினால் முதியோருக்கு நேரக்கூடிய ஆபத்தைக் கருத்திற் கொள்ளாமல் வகுக்கப்பட்ட அந்த ஆரம்பகாலக் கொள்கை சட்டத்துக்கு முரணானது என மேல் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 இல் தீர்ப்பளித்தது.

ஒரு தடவை பரிசோதிப்பதால் பயன் குறைவு. நேற்றுத் தொற்றியவரிடம் இன்று வைரஸ் தென்படாது. ‘தொற்று இல்லை’ என்ற முடிவு மாதிரி பெறப்பட்ட அந்நாளைக்கு மட்டுமே உரியது. ஆகவேதான் ஊழியர்களுக்கு வாரந்தோறும், இல்லவாசிகளுக்கு 28 நாட்களுக்கு ஒரு தடவை என்ற ஒழுங்கு 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. வெளியே சென்று வருவோர் ஊழியர்களே என்பதால் இந்த வேறுபாடு. டிசெம்பரில் துரித அன்டிஜன் பரிசோதனையும் சேர்க்கப்பட்டது. நடைமுறை சீராக அமைந்தது என்று சொல்வதற்கில்லை. ஜூலை நடுப்பகுதியில் ஒரு நிறுவனத்தின் மாதிரி சேகரிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என இல்லங்களுக்கு அறிவிக்க நேர்ந்தது.

மறதி நோயுற்ற ஒருவரின் மூக்கினுள் குச்சியை நுழைப்பது இலேசான காரியமன்று. எதற்காக இதனைச் செய்கிறார்கள் என்று விளங்காத அவர் முகத்தைத் திருப்புவார், கையைத் தட்டிவிடுவார். தாமாகத் தீர்மானிக்கும் ஆற்றலற்றோர் தொடர்பான 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகையவரின் நலன் கருதியே தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். இல்லத்தின் வசதிக்காக அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதிரி பெற முடியாது.

எனினும் பரிசோதனையின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்ததில் ஊழியரின் சம்பளப் பையை மறந்துவிடலாகாது. அவ்வாண்டில் பிரித்தானியாவின் சட்டரீதியான சுகவீனக் கொடுப்பனவு வாரமொன்றுக்கு 95.85 பவுண். 25 வயதுக்கு மேற்பட்டோருக்கான குறைந்தபட்சக் கூலியோ மணித்தியாலத்துக்கு 8.72 பவுண். 40 மணித்தியாலம் உழைக்கும் பராமரிப்பாளர் ஏறத்தாழ 349 பவுண் பெறுவார். தொற்று உறுதியானால் வீட்டில் இருக்க வேண்டும். முதலாளி மேலதிகமாக எதுவும் வழங்காவிடின் மூன்றில் ஒரு பங்கைக் கூட அவர் பெறமாட்டார். வாடகையும் பிள்ளைகளின் செலவும் கழுத்தை நெரிக்கும்போது, தொண்டைக் கரகரப்பை அவர் வெளியே சொல்வாரா? 2020 மே, ஜூன் மாதங்களில் 5,126 இல்லங்களிடம் தகவல் திரட்டிய விவால்டி ஆய்வு இதற்கு விடை தந்தது. சுகவீன விடுமுறைக்குச் சம்பளம் வழங்கிய இல்லங்களில் தொற்று குறைவாகவும், தற்காலிக ஊழியர்களை அடிக்கடி அமர்த்திய இல்லங்களில் அதிகமாகவும் காணப்பட்டது. தனிமைப்படுத்தப்படும் ஊழியருக்கு முழுச் சம்பளம் வழங்க உதவும் 600 மில்லியன் பவுண் நிதியம் அந்த மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்துக்குச் செலவிட்ட பணத்தைப் போலவே இதுவும் பரிசோதனைச் செலவுதான்.

பரிசோதனை முடிவு தமக்கே தண்டனையாக மாறும் என மக்கள் அஞ்சினால் என்ன நேரும் என்பது நம்மவர்க்கும் புதிதன்று. இலங்கையில் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. ஜனாஸாவை நல்லடக்கம் செய்ய இயலாமற் போகும் என்ற அச்சத்தில் பரிசோதனையையும் வைத்தியசாலையையும் தவிர்த்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. தகனத்தை விரும்பாத கிறிஸ்தவர்களும் இதே வேதனையை அனுபவித்தனர். அடக்கத்துக்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி 2021 பெப்ரவரி 25 இல் தான் வெளிவந்தது. ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா மார்ச் 5 இல் அடக்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஊழியர் சம்பளத்துக்குக் கைகொடுத்த நிதியம் 2022 மார்ச் மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. கொரோனாவுக்காக முதல் நாளிலிருந்தே சுகவீனக் கொடுப்பனவு வழங்கும் ஏற்பாடும் அதே மாதம் 24 ஆம் திகதியுடன் முடிந்தது. அறிகுறி இல்லாத ஊழியர்களுக்கான கிரமமான பரிசோதனை அதன் பின்னரும் ஐந்து மாதங்கள் நீடித்து, ஓகஸ்ட் 31 இல் இடைநிறுத்தப்பட்டது. அந்த ஐந்து மாதங்களிலும் குச்சியும் கருவியும் இலவசமாகவே கிடைத்தன. தொற்று உறுதியானவரின் சம்பளத்துக்குத்தான் உத்தரவாதம் இருக்கவில்லை.