'நியூபைல்': ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வயது

ஆங்கில நாவல்களில் இளம்பெண்ணை வர்ணிக்க வருகிற ஒரு சொல் 'நியூபைல்'. வாசிக்கேக்க 'இளமையும் கவர்ச்சியும் உள்ளவள்' எண்டுதான் விளங்கும். ஆனால் அதன் வேர் அழகைப் பற்றியதே இல்லை. இலத்தீனில் 'நூபெரே' என்றால் ஒரு பெண் கணவனை ஏற்பது. 'நூபிலிஸ்' என்றால் கட்டிக்கொடுக்கிற பருவத்தில் இருப்பவள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள்தான்.

அந்தப் பருவம் எத்தனை வயது? ரோமச் சட்டத்தில் பெண்ணுக்கு 12. இங்கிலாந்திலும் 12தான், 1929இல்தான் அதை 16 ஆக்கினார்கள். 1590களில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியட்டுக்கு இன்னும் 14 ஆகவில்லை. தாயோ கலியாணப் பேச்சை எடுத்துவிடுகிறாள்.

20ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லிலிருந்து கலியாணம் கழன்று போச்சு. உடல் மட்டும் மிஞ்சியது. முன்பு தகப்பன் போட்ட கணக்கை இப்போது கதைசொல்லியின் கண் போடுகிறது. இரண்டு காலத்திலும் அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆணை வர்ணிக்க இந்தச் சொல்லைப் பொதுவாக எடுப்பதுமில்லை.

அடுத்தமுறை இதைக் கண்டால், 'அவள் எப்படி இருக்கிறாள்' எண்டு வாசித்துக் கடக்காமல், 'அவளை ஆர் பார்க்கிறது?' எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.