செப்பும் ஒரு ‘லாம்’உம்

அழகுக் கிறீம் விளம்பரங்களில் ‘செப்புப் பெப்தைட்டு’ எண்ட பெயரை நாங்கள் கண்டிருக்கிறம். அதின்ர வரலாறு ஆய்வுகூடத்தில் தொடங்கியது.

1973இல் லோறன் பிக்கார்ட்டும் மைக்கல் தேலரும் மனிதக் குருதியிலுள்ள, மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்தைட்டைப் பற்றி எழுதினார்கள். கிளைசீன், ஹிஸ்டிடீன், லைசீன், அவ்வளவுதான். வளர்ப்பூடகத்தில் அது சாதாரண ஈரல் கலங்களின் ஆயுளை நீட்டியது. புற்று ஈரல் கலங்களையும் வளரத் தூண்டியது. கலங்கள் செப்பை உள்ளெடுக்க அது உதவலாம் எண்டு 1980இல் இன்னொரு கட்டுரை சொன்னது.

இப்ப ‘ஆய்வுக்கு மட்டும்’ எண்டு ஒட்டின போத்தலை வாங்கி ஊசியாப் போடுற ஆக்களும் இருக்கினம். வளர்ப்புத் தட்டில் கண்டது உடம்பிலயும் அப்படியே நடக்கும் எண்டில்ல. ஆய்வுகூடத்தில் இருந்த அந்த ‘லாம்’, கடைக்கு வரேக்க காணாமப் போச்சு. அதைத் தேடி வாசிக்கிறது எங்கட வேலை.