ஜாக்பாட் ஆசை... கணக்கு தெரியாமல் கட்டினால் கை சுடும்! குதிரை பந்தயம்: தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

நெய்வேலி:
"போன வாரம் ஜெயிச்ச குதிரைதானே, இந்த வாரமும் வந்துடும்" என்று நம்பி பணம் கட்டுகிறவர்கள்தான் குதிரை பந்தயத்தில் அதிகம் தோற்கிறார்கள். ஜெயித்த குதிரை அடுத்த முறை தோற்பதற்கு பந்தய விதியிலேயே காரணம் இருக்கிறது. அதற்கு பெயர் ‘ஹேண்டிகேப்’. அதேபோல "பத்து ரூபாய் கட்டினா லட்சம் வரும்" என்று பேசப்படும் ஜாக்பாட்டுக்கு பின்னால் பெரிய பெருக்கல் கணக்கு இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? எது சட்டப்படி சரி, எது குற்றம்? கூலிப் பணம் எங்கே போகிறது? முழு விவரம் வருமாறு:-

கிண்டியில் தொடங்கிய ஓட்டம்

சென்னை கிண்டியில் 1777-ம் ஆண்டிலேயே குதிரை பந்தயம் தொடங்கியது. 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது. கிண்டியில் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 1945-ம் ஆண்டு 99 வருட குத்தகைக்கு கிளப்புக்கு கொடுக்கப்பட்டது. வருட வாடகை எவ்வளவு தெரியுமா? வெறும் 614 ரூபாய் சொச்சம்!

பிறகு அரசு வாடகையை உயர்த்தியது. கிளப் அதை எதிர்த்து கோர்ட்டுக்கு போனது. ரூ.730 கோடியே 86 லட்சம் பாக்கியை கட்ட வேண்டும் என்று 2023 மார்ச் மாதம் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பணம் வராததால் குத்தகையை அரசு ரத்து செய்து, 2024 செப்டம்பர் 9-ந்தேதி ரேஸ் கோர்சுக்கு அதிகாரிகள் ‘சீல்’ வைத்தனர். அதற்கு சில மாதங்களுக்கு முன்பு, 2024 ஜூன் மாதம், ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் வாடகை பாக்கிக்காக அரசு மீட்டது குறிப்பிடத்தக்கது.

சூதாட்டமா, திறமையா?

தமிழ்நாட்டில் குதிரை பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தி.மு.க. ஆட்சியில் சட்டம் வந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1996 ஜனவரி 12-ந்தேதி தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டம், ஜாக்கியின் திறமை எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் கட்டுகிறார்கள், எனவே இது பெரும்பாலும் திறமையை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1986-ம் ஆண்டு சட்டமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். பந்தயம் திறமை விளையாட்டு என்றுதான் கோர்ட்டு சொன்னது. கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த திறமை இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஹேண்டிகேப் என்றால் என்ன?

நல்ல குதிரையும் சுமாரான குதிரையும் ஒன்றாக ஓடினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். யாரும் பணம் கட்ட மாட்டார்கள். அதனால் நல்ல குதிரைக்கு அதிக எடையும், சுமாரான குதிரைக்கு குறைந்த எடையும் ஏற்றி சமப்படுத்துகிறார்கள். இதுதான் ஹேண்டிகேப். இதற்கு அடிப்படையான வயது-எடை அட்டவணையை 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தை சேர்ந்த அட்மிரல் ரூஸ் உருவாக்கினார்.

ஒவ்வொரு குதிரைக்கும் ‘ரேட்டிங்’ என்று ஒரு எண் உண்டு. பள்ளிக்கூட மார்க் மாதிரி. 0 முதல் 25 வரை, 20 முதல் 45 வரை, 40 முதல் 65 வரை என்று பிரிவு பிரிவாக ரேஸ் நடக்கும். இந்தியாவில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ எடை.

உதாரணம்: 20-45 பிரிவில் 45 ரேட்டிங் உள்ள குதிரை 60 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ரேசில் 30 ரேட்டிங் உள்ள குதிரைக்கு 15 புள்ளி குறைவு. எனவே 7½ கிலோ குறைத்து 52½ கிலோதான். ஜாக்கியின் உடல் எடை, சேணம் எல்லாம் இதில் சேரும். எடை போதவில்லை என்றால் ஈயத் தகடு வைப்பார்கள். ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஜாக்கியை எடை போட்டு பார்ப்பார்கள்.

குதிரை ஜெயித்தால் ரேட்டிங் ஏறும். ரேட்டிங் ஏறினால் அடுத்த முறை எடை ஏறும், அல்லது மேல் பிரிவுக்கு போய் பலமான குதிரைகளுடன் ஓட வேண்டும். போன வாரம் சுலபமாக ஜெயித்த குதிரை இந்த வாரம் மூச்சு வாங்குவது இதனால்தான். தொடர்ந்து தோற்ற குதிரையின் ரேட்டிங் இறங்கி, எடை குறைந்து, திடீரென்று ஜெயிப்பதும் இதனால்தான்.

ரேஸ் புக்கில் என்ன பார்ப்பார்கள்?

அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது எடை. போன ஓட்டத்தில் எத்தனை கிலோ, இந்த முறை எத்தனை கிலோ என்று ஒப்பிடுவார்கள்.

இரண்டாவது, தூரம். 1,200 மீட்டரில் பறக்கும் குதிரை 2,000 மீட்டரில் பாதியிலேயே சோர்ந்துவிடலாம்.

மூன்றாவது, கடைசி சில ஓட்டங்களின் முடிவு. எத்தனையாவது வந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எந்த பிரிவில், யாருடன் ஓடி அந்த இடம் வந்தது என்று பார்க்க வேண்டும். பலமான பிரிவில் 4-வது வந்த குதிரை, கீழ் பிரிவில் முதலாவது வந்த குதிரையை விட மேலாக இருக்கலாம்.

நான்காவது, ஜாக்கியும் டிரெய்னரும். பயிற்சி ஜாக்கிகளுக்கு எடையில் சலுகை உண்டு. எடை குறைவது லாபம், அனுபவம் குறைவது நஷ்டம்.

ஐந்தாவது, ‘டிரா’ நம்பர். அதாவது தொடங்கும்போது எந்த கதவில் நிற்கிறது என்பது. வளைவு சீக்கிரம் வரும் தூரத்தில் வெளிப்பக்கம் நிற்கும் குதிரை கூடுதல் தூரம் சுற்ற வேண்டியிருக்கும். மழை பெய்து ஓடுகளம் ஊறிப்போயிருந்தால் எல்லா கணக்கும் மாறும்.

இத்தனையும் பார்த்தாலும் நிச்சயம் இல்லை. அதிகம் பேர் நம்பி கட்டும் ‘பேவரிட்’ குதிரையே ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறைதான் ஜெயிக்கும் என்பது பல நாடுகளில் நீண்ட காலமாக சொல்லப்படும் கணக்கு.

எத்தனை வகை பந்தயம்?

‘வின்’ என்றால் குதிரை முதலாவது வர வேண்டும். ‘பிளேஸ்’ என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். ‘போர்காஸ்ட்’ என்றால் முதல் இரண்டு இடங்களை வரிசையாக சொல்ல வேண்டும். ‘குனெல்லா’வில் அந்த இரண்டும் எந்த வரிசையில் வந்தாலும் சரி. ‘டானாலா’வில் முதல் மூன்று இடங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

இவை ஒரே ரேசில் முடிந்துவிடும். பல ரேஸ்களை சேர்த்து கட்டுவது வேறு. ‘டிரெபிள்’ என்றால் 3 ரேஸ், ‘மினி ஜாக்பாட்’ என்றால் 4 ரேஸ், ‘ஜாக்பாட்’ என்றால் 5 ரேஸ். அத்தனை ரேசிலும் முதலாவது வரும் குதிரையை சரியாக சொல்ல வேண்டும். ஜாக்பாட்டில் பொதுவாக 70 சதவீத தொகை ஐந்தும் சொன்னவர்களுக்கும், 30 சதவீத தொகை நான்கு சொன்னவர்களுக்கும் போகும்.

ஜாக்பாட் கணக்கு இதோ!

ஐந்து ரேசிலும் ஒவ்வொரு குதிரை மட்டும் எடுத்தால் ஒரு சீட்டுதான். ஆனால் பேவரிட் குதிரை மூன்றுக்கு ஒரு முறைதான் ஜெயிக்கும் என்றால், ஐந்து பேவரிட்டும் சேர்ந்து ஜெயிக்க 3×3×3×3×3, அதாவது 243-ல் ஒரு வாய்ப்புதான்.

அதனால் சில ரேசில் இரண்டு மூன்று குதிரைகளை சேர்த்து எடுப்பார்கள். நிச்சயம் என்று நினைக்கும் ரேசில் ஒரே குதிரை. அதற்கு பெயர் ‘பேங்கர்’. முதல் ரேசில் 1 (பேங்கர்), அடுத்ததில் 3, பிறகு 2, பிறகு 4, கடைசியில் 2 என்று எடுத்தால் 1×3×2×4×2 = 48 சீட்டு. சீட்டு 10 ரூபாய் என்றால் 480 ரூபாய்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இன்னும் ஒரே ஒரு குதிரைதானே, சேர்த்துக்கலாம்" என்று பேங்கர் ரேசில் ஒன்றை கூட்டினால் 48 சீட்டு 96 ஆகிவிடும். செலவு இரண்டு மடங்கு. அதே ஒரு குதிரையை 4 குதிரை உள்ள ரேசில் கூட்டினால் 60 சீட்டுதான். எந்த ரேசில் கூட்டுகிறோம் என்பதை பொறுத்து செலவு மாறும்.

பேங்கர் தோற்றால்? மற்ற நான்கு ரேசும் சரியாக வந்தாலும் ஜாக்பாட் கிடையாது. 48 சீட்டில் ஒன்றுகூட முதல் பரிசுக்கு தேறாது.

டானாலாவிலும் இதே கதைதான். 3 குதிரைகளை எல்லா வரிசையிலும் எடுத்தால் 6 சீட்டு. 4 குதிரை என்றால் 24. 5 குதிரை என்றால் 60. பத்து குதிரை ஓடும் ரேசில் மொத்தம் 720 வரிசை வரலாம்.

பணம் எங்கே போகிறது?

கிளப்பின் ‘டோட்’ முறையில் எல்லோரும் கட்டிய பணமும் ஒரே குவியலாக சேரும். கிளப் பங்கு கழித்த பிறகு மீதி பணத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எனவே எல்லோரும் நினைத்த குதிரையே வந்தால் ஜெயித்தாலும் சில்லறைதான். யாரும் நினைக்காத குதிரை வந்தால்தான் பெரிய தொகை.

வரியும் உண்டு. குதிரை பந்தயத்தில் கட்டும் முழு தொகைக்கும் ஜி.எஸ்.டி. போடப்படுகிறது. 28 சதவீதமாக இருந்த இந்த வரி 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 40 சதவீதம் ஆனது. மேலே சொன்ன 480 ரூபாய் ஜாக்பாட்டுக்கு வரி மட்டும் 192 ரூபாய். மொத்தம் 672 ரூபாய்.

ஜெயித்தாலும் விடாது. பரிசு 10 ஆயிரம் ரூபாயை தாண்டினால் 30 சதவீத வருமான வரியை பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். "இதுவரை ஐம்பதாயிரம் தோத்திருக்கேன், அதை கழிச்சுக்குங்க" என்று கேட்க முடியாது. தோற்றது தோற்றதுதான்.

கம்ப்யூட்டர் வைத்து ஜெயித்தவர்

உலகத்தில் யாருமே கணக்கு போட்டு ஜெயிக்கவில்லையா? ஜெயித்தார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஹாங்காங் போய், குதிரைகள் பற்றிய ஏராளமான விவரங்களை கம்ப்யூட்டரில் ஏற்றி கணக்கு போட்டார். 2001 நவம்பரில் மூன்று ரேசிலும் முதல் மூன்று குதிரைகளை சொல்ல வேண்டிய ‘டிரிபிள் டிரியோ’வில் அவர் தரப்பு ஜெயித்தது. அந்த பரிசை அவர் வாங்கவே இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளுக்கு அவர் தரப்பு வாங்கியது 50 ஆயிரத்துக்கும் அதிகமான சேர்க்கைகள். பல வருட உழைப்பு, ஊழியர்கள், பெரிய முதலீடு. வாரக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை வைத்து அந்த ஆட்டம் ஆட முடியாது.

நெய்வேலியில் கட்டலாமா?

கூடாது. தமிழ்நாடு சூதாட்ட தடுப்பு சட்டம் (1930) குதிரை பந்தயத்துக்கு கொடுத்துள்ள விலக்குக்கு இரண்டு நிபந்தனை உண்டு. ரேஸ் நடக்கும் அன்றுதான் கட்ட வேண்டும். அரசு அனுமதியுடன் ரேஸ் மைதானத்துக்குள் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் கட்ட வேண்டும்.

கிண்டி இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். எனவே டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் உட்கார்ந்து போனில் கட்டினாலும், மந்தாரக்குப்பம் டீக்கடையில் துண்டு சீட்டில் எழுதி கொடுத்தாலும் அது இந்த விலக்கில் வராது. 1996 தீர்ப்பை காட்டி தப்பிக்கவும் முடியாது.

லோக்கல் புக்கியிடம் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவர் கொடுக்கும் சீட்டுக்கு சட்ட மதிப்பு கிடையாது. ஜெயித்த பணத்தை தராமல் போனை ஆப் செய்தால் போலீசில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் "நீ எதுக்கு கட்டினே?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் தோற்ற பணத்துக்கு மட்டும் ஆள் வீடு தேடி வரும்.

செல்போனில் வரும் ‘ஆப்’ அழைப்புகளையும் நம்பக்கூடாது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழக அரசின் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சூதாடுகிறவருக்கே 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு இல்லாமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை தடை செய்து மத்திய அரசும் 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டு வந்தது.

கடன் வாங்கி கட்ட வேண்டாம்

சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் நிரந்தர தொழிலாளிக்கு மாத சம்பளம் உண்டு. ஒப்பந்த தொழிலாளிக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போச்சு. விட்ட பணத்தை பிடிக்க கந்து வட்டிக்கு வாங்கி கட்டினால், குதிரை ஓடுவதற்கு முன்பே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். கந்து வட்டிக்கு எதிராக 2003-ம் ஆண்டு முதல் தனி சட்டமே இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

மைதானத்துக்கே நேரில் போய் கட்டுகிறவர்களும், தோற்றால் வீட்டு செலவை பாதிக்காத தொகை எவ்வளவு என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அது முடிந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். "அடுத்த ரேசில் எடுத்துடலாம்" என்ற பேச்சுதான் ரேஸ் மைதானத்தில் அதிகம் பேரை கவிழ்த்தது.

நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்களும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.