மிண்டன் வளாகத்தில் மாணவர் ஓவியம்

பாயான் பாருவுக்கு அண்மையிலுள்ள சுங்கை ஆராவில், 1967 ஆகஸ்டு 7 ஆம் நாள், அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஒரு பல்கலைக்கழகத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஆயினும் பல்கலைக்கழகம் அங்கே எழவில்லை. 1969 இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் பிறந்த அந்நிறுவனம், குளுகோரிலிருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவலிடம் பெற்றுப் பாடம் தொடங்கிற்று. 1971 இல், பிரிட்டிஷ் படையினர் விட்டுச்சென்ற மிண்டன் பாசறைக்குக் குடிபெயர்ந்தது. நாட்டின் இரண்டாம் பல்கலைக்கழகத்திற்கு முதற்கூரை தந்தது ஆசிரியர் கல்லூரியொன்று என்பதில் நம்மனோர்க்குச் சிறு பெருமை உண்டு.

அறிவியல் பல்கலைக்கழகம் என்று பின்னர்ப் பெயர் பூண்ட இடத்தில் ஓவியத்திற்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். மனிதவியல் பள்ளியின் ஒரு பகுதியாக நுண்கலை அங்கு 1970களிலேயே கற்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் தனிக் கலைப்பள்ளியாக வளர்ந்தது. 1982 இல் வளாகத்துள் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் அமைந்தன. துவாங்கு பௌசியா பெயரால் இன்று வழங்குவது அதுவே. இதற்கும் முன்னர், 1955 இல், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் மைக்கேல் சல்லிவன் என்னும் கலை வரலாற்றறிஞரைக் கொண்டு ஒரு கலை அருங்காட்சியகம் கண்டது. பழம்பொருளைப் பார்த்துக் கற்பதே அதன் நோக்கம். மிண்டனிலோ மாணவர் தம் கையால் படைத்தவையும் சுவரேறின.

பினாங்கில் ஓவியத்தை வளர்த்தோருள் பள்ளி ஆசிரியர்க்குத் தனியிடம் உண்டு. நீர்வண்ண ஓவியர் அப்துல்லா அரிப் வகுப்பறையில் நின்று கற்பித்தவர். தே ஹூய் கியாட் போருக்குப் பின் இலண்டன் சென்று ஓவியம் பயின்று திரும்பிக் கல்வித்துறையில் பணியாற்றினார். கோலாலம்பூரிலும் 1952 இல் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கிய பீட்டர் ஹாரிஸ் கல்வித்துறை அலுவலரே. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கு ஈந்துவிடும் ஆசிரியர்கள் இதனைச் சற்று எண்ணுதல் நன்று.

இறுதியாண்டு மாணவர் கண்காட்சியின் இயல்பு நாம் பள்ளியில் நடத்தும் கண்காட்சியினின்றும் பெரிதும் வேறானது. அது தேர்வு, வினாத்தாள் இல்லாத தேர்வு. ஓராண்டு உழைப்பை மாணவனே சுவரில் நிறுத்த வேண்டும். எந்தப் படம் எதன் அருகில் இருத்தல் வேண்டும், கண்மட்டம் எது, வெளிச்சம் எங்கிருந்து விழும் என்பன யாவும் அவன் முடிவு. தன் கருத்தைச் சில வரிகளில் எழுதி அருகில் ஒட்டுகிறான். தேர்வாளர்கள் நின்று கேட்கும் வினாக்களுக்கு வாயால் விடை கூறுகிறான். பின்னர்க் கதவு திறக்க, முன்பின் அறியாதவர் வந்து பார்க்கின்றனர். புரியவில்லை என்று சொல்லியும் போகின்றனர். விடைத்தாள் ஊரறியத் தொங்கும் தேர்வு வேறு எந்தப் பாடத்திலும் உண்டோ என்பது ஐயமே.

அத்தகைய கண்காட்சியொன்றுக்கு எம் ஐந்தாம் ஆண்டு மாணவரை அழைத்துச் சென்றபோது, ஒரு சிறுமி, “ஐயா, முதற்பரிசு எது?” என்று கேட்டாள். வண்ணம் தீட்டும் போட்டியையே ஓவியமென்று அறிந்த பிள்ளை வேறென்ன கேட்கும்? பரிசுச் சீட்டு எங்கும் இல்லையென அறிந்ததும், ஒவ்வொரு படத்தின் முன்னும் நெடுநேரம் நிற்கத் தொடங்கினாள். 1988 இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டி நாம் பல்லாண்டு ஓவியத்தை ஓரங்கட்டினோம். 2021 இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. காட்சிக் கலைக்கல்வி இன்னும் பல பள்ளிகளில் ஓரத்திலேயே கிடக்கிறது.

பெற்றோர் கேட்பது வேறு வினா: ஓவியம் படித்தால் சோறு கிடைக்குமா? இதனை எள்ளுதல் தகாது. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றோரும் இவ்வினாவையே எதிர்கொண்டனர். அங்கு முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களுடன் 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணிகள் செய்து விற்ற பணமும் அவர்களைத் தாங்கிற்று. காலையில் கைவினை, மற்ற நேரத்தில் ஓவியம் என வாழ்ந்தவர் பலர். பினாங்கின் சுவா தியன் தெங் இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்: பாத்திக் தொழில் நொடித்தபின், அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு 1950களில் ஓவியம் படைத்தார். அவர் ஓவியமொன்றை 1968 இல் யுனிசெப் நிறுவனம் வாழ்த்தட்டைக்குத் தேர்ந்தது.

கண்காட்சி முடிந்ததும் படங்கள் இறக்கப்பட்டு, சுருட்டப்பட்டு, மாணவருடன் ஊர் திரும்புகின்றன. சில தோட்டப்புற வீடுகளுக்கும் செல்லக்கூடும். அவற்றுள் தமிழ் மாணவர் வரைந்தவை எவை, எந்த ஆண்டில் எதனை வரைந்தனர் என்று நம்முள் எவரும் தொகுத்து வைத்ததாக யான் கண்டதில்லை. எழுத்தாளர்க்குத் தொகுப்புகள் பல வெளியிட்ட நாம், மிண்டனில் பயின்ற தமிழ் ஓவியர்தம் பெயர்ப்பட்டியலையேனும் ஆண்டுவாரியாகத் திரட்டத் தொடங்கலாம். பழைய கண்காட்சிக் கையேடுகள் வைத்திருப்போர் அவற்றைக் கரையான் தின்னுமுன் வெளிக்கொணர வேண்டுகிறேன்.