தாபான் மரம் தரும் பாடம்

காட்டை அறிந்தவன் சொல்லைக் கேளாது காட்டைக் காத்தல் கூடுமோ? சிங்கப்பூர்ச் சரித்திரமே விடை கூறும்.

1840-களின் தொடக்கத்தில் டாக்டர் மாண்ட்கோமரி, மலாய் மரவெட்டி ஒருவரின் பாராங் கத்திப் பிடியைக் கண்டு வியந்தார். அது கட்டாபெர்ச்சா எனும் தாபான் மரத்துப் பால். சுடுநீரில் இளகும்; ஆறினால் இறுகும். 1843-இல் மாதிரிகள் இலண்டன் சென்றன. 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே இட்ட கடலடித் தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று.

மலாய்க்காரரின் அறிவை ஏற்ற உலகம், மரத்தைக் காப்பது பற்றி அவரைக் கலந்ததா? இல்லை. பாலுக்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. வெள்ளை வணிகர் பொருள் குவித்தனர். ஜொகூர்த் தெமெங்கோங் இப்ராகிமும் குவித்தார். சில ஆண்டுகளிலேயே தீவில் தாபான் அருகிப்போயிற்று.

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையேற்ற ரிட்லி, ரப்பர் மரத்தைக் கொல்லாது பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்டத்து நம்மவர் அதன் அருமையை நன்கறிவர்.

மக்களறிவும் விஞ்ஞானமும் ஒன்றுசேர்ந்த செய்தியும் உண்டு. 2001-இல் புலாவ் ஊபின் தீவின் செக் ஜாவாக் கரையை மண் கொட்டித் தூர்க்கவிருந்தபோது, இயற்கை ஆர்வலரும் உயிரியலாரும் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டினர், திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2014-இல் அமைந்த ஊபின் நண்பர்கள் குழுவில் ஆராய்ச்சியாளரோடு கிராமத்தாரும் இடம்பெற்றனர்.

நன்று, ஆயினும் தொடக்கமே. கருத்துக் கூறும் நாற்காலி வேறு. முடிவு செய்யும் நாற்காலி வேறு. மண்ணோடு வழிவழி வாழ்ந்தோர் இரண்டாவதில் அமர்தல் வேண்டும்.