கள்வன் என்று பெயர் வைத்தவர்கள்

வயல் வரம்பில ஒரு நண்டு வளையைக் காட்டி, "இதுக்குள்ள ஆள் இருக்குதோ?" என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கோ. வளை வாயில் கிடக்கும் மண் உருண்டை ஈரமாக இருந்தால் இருக்குது. காய்ந்து சிலந்தி வலை கட்டியிருந்தால் இல்லை. நண்டு இல்லாத வளையில் பாம்பு இருக்கலாம், அதனால் கையை விட முதல் இதைப் பார்க்க வேணும். கோடையில் நண்டு ஈரத்தைத் தேடிக் கீழே கீழே தோண்டிக்கொண்டு போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கோ பள்ளிக்கூடத்தில் நண்டு 'ஆத்திரப்போடா' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனது.

இந்த அறிவு நேற்று வந்ததில்லை. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடிய ஓரம்போகியார் 10 பாடல்களில் தொடர்ந்து வயல் நண்டைக் கொண்டுவருகிறார். அந்தப் பகுதிக்கே 'கள்வன் பத்து' என்றுதான் பெயர். கள்வன் என்றால் நண்டு; திருடன் என்றும் பொருள். பாட்டின் பொருள் என்னவோ பரத்தையிடம் போகும் தலைவனைப் பற்றிய குத்தல்தான். ஆனால் நண்டு நீர்முள்ளி வேரடியில் வளை வைப்பதும், விதைத்த வெள்ளை முளையை அறுப்பதும் அதற்குள் இருக்கின்றன. முளைநெல் விதைக்கிற எங்கட கமக்காரர் இன்றைக்கும் திட்டுவது இதே வேலைக்குத்தான். முளையையும் திருடும், வரம்பைத் துளைத்துத் தண்ணீரையும் திருடும். பெயர் வைத்தவர் கட்டாயம் வயலுக்குள் இறங்கியிருப்பார்.

அதே பத்தில் இன்னொரு செய்தியும் உண்டு: தாய் சாக, குஞ்சு பிறக்கும். ஊரில் இதைச் சொல்லுகிற ஆட்கள் இப்பவும் இருக்கினம். இது பிழை. தாய் நண்டு முட்டைகளை வயிற்று மடலுக்குள் சுமக்கும். கடல் நண்டைப் போல நீந்தித் திரியும் குடம்பிப் பருவம் இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டி நண்டுகள் வரும். கொஞ்ச நாள் அவை தாயின் மடலுக்குள்ளேயே இருக்கும். பிறகு இறங்கிப் போகும், தாய் உயிரோடுதான் இருக்கும். நண்டு தோல் கழற்றும்போது முழு ஓடும் செத்த நண்டு மாதிரியே கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் தாய் செத்ததென்று நினைத்திருக்கலாம் என்பது எங்கட ஊகம். எப்படியோ, வயிற்றுக்கடியில் குட்டிகள் இருப்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பழையது என்பதற்காக எல்லாம் சரியென்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், ஒரு பிழைக்காக முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளவும் வேண்டாம்.

விஞ்ஞானமும் இங்கே ஆறுதலாகத்தான் வந்தது. இலங்கையின் நன்னீர் நண்டுகளைப் பற்றி சி. எச். பெர்னாண்டோ 1960இல் எழுதினார். 1990கள் வரைக்கும் பெயரிடப்பட்டவை கொஞ்சம்தான். பிறகு பீட்டர் இங், முகமட் பாகிர் போன்றோர் மலைநாட்டு ஓடைகளைத் தேடிப் போனார்கள்; 2005இல் ஒரே கட்டுரையில் 10 புது இனங்கள் வந்தன. இப்போது 50க்கும் மேற்பட்ட இனங்கள் தெரியும், கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் தீவில் மட்டும் வாழ்பவை. சில இனங்களுக்கு ஓரிரு ஓடைகள்தான் முழு உலகமும். பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன.

அந்த ஓடைக்கரைகளில் தேயிலைத் தோட்டத்து லயன்களும் இருக்கின்றன. அங்கே கல்லைப் புரட்டி நண்டு பிடித்து வளர்ந்தவர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? எந்த ஓடையில் முந்தி நண்டு இருந்தது, எந்த வருடம் மருந்தடித்த பிறகு காணாமல் போனது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். வயல் பக்கத்திலும் இதே கதைதான். வயல் நண்டை இடித்துப் பிழிந்து, மிளகும் உள்ளியும் போட்டு, தடிமனுக்கு இரசம் வைத்த அம்மம்மாக்கள் இப்போது வைப்பதில்லை. கேட்டால், "மருந்து அடிச்ச வயல் நண்டை ஆர் பிள்ளை தின்னுறது?" என்கிறார்கள்.